ஆயில் மட்டும் நானே மாற்றுகிறேன், மற்றதற்கு மெக்கானிக் அண்ணன்தான்

வணக்கம் மக்களே. ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணி. ஈரோட்டில் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன். பின்னால் தெரிகிறதே, அதுதான் என் ஸ்ப்ளெண்டர். தினமும் பெருந்துறைக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 40 கிலோமீட்டர், மாதத்துக்கு எப்படியும் ஆயிரம் ஓடிவிடும். அதனால் ஆயில் மாற்றுகிற வேலை எனக்கு அடிக்கடி வந்து நிற்கும். இன்று அந்த நாள்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னால், எதற்காக இதை நானே செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். காசு மிச்சம் பிடிக்கத்தானே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இல்லை. ஆயில் காசு எங்கே வாங்கினாலும் அதே காசுதான். கடைக்காரர் கூலியாக வாங்குவது ஐம்பதோ நூறோ. அதை மிச்சம் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் தரையில் உட்கார வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் ஒரு கடை. காலையில் வண்டியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், சாயங்காலம் எடுத்துக்கொண்டேன். பில்லில் 900 மில்லி ஆயில் என்று எழுதியிருந்தது. காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மேம்பாலம் ஏறும்போது ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. எங்கள் தெருமுனையில் ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார், அவரிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் எஞ்சினுக்கு அடியில் ஆயிலை இறக்குகிற ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி, வந்த ஆயிலை ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் காட்டினார். பாதி பாட்டில்கூட வரவில்லை. எங்கும் கசிவு இல்லை, சைலன்சரில் புகையும் இல்லை.

கிளட்ச் பிளேட் மாற்ற வேண்டியதாகிவிட்டது. பிளேட் ஏற்கெனவே தேய்ந்திருந்ததா, ஆயில்தான் கெடுத்ததா என்று அந்த அண்ணனாலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. முதல் கடைக்காரர் குறைவாக ஊற்றினாரா, வேலைக்கு இருந்த பையன் தெரியாமல் செய்தானா, அதுவும் எனக்குத் தெரியாது. நான் அங்கே இல்லை. என்ன ஆயில், எவ்வளவு, எப்போது ஊற்றினார்கள், ஒன்றையும் நான் பார்க்கவில்லை. அன்றைக்கு என்னை உறுத்தியது காசு போனதைவிட அதுதான்.

சரி, வேலையைப் பார்ப்போம். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டிருக்கிறேன், தரை மட்டமாக இருக்கிறது. மூன்று நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைத்துவிட்டேன். ஆயில் லேசாகச் சூடானால்தான் இளகி முழுசாக இறங்கும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை வெந்துவிடும். அடியில் பழைய பேசின் வைத்தாயிற்று. மேலே ஆயில் மூடியைத் திறந்து வையுங்கள், காற்று போனால்தான் கீழே வேகமாக இறங்கும். இதோ, ட்ரெயின் போல்ட். என் வண்டிக்கு 17-ம் நம்பர் ரிங் ஸ்பேனர். ஓப்பன் ஸ்பேனர் போட்டு போல்ட்டின் மூலையை மழுக்கிவிடாதீர்கள்.

இறங்குகிறது பாருங்கள். கறுப்பாக இருக்கிறது. கறுப்பைப் பார்த்ததும் ஆயில் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். அழுக்கையும் கரியையும் ஒட்டவிடாமல் தன்னோடு சுமந்துகொண்டிருப்பதற்கான மருந்து ஆயிலிலேயே கலந்திருக்கிறது. அது வேலை செய்தால் ஆயில் கறுக்கத்தான் செய்யும். நிறத்தை நம்பி மாற்றாதீர்கள், கையேட்டில் போட்டிருக்கிற கிலோமீட்டரை நம்பி மாற்றுங்கள். நான் நிறத்தைப் பார்ப்பதில்லை, இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்க்கிறேன். மினுமினுவென்று உலோகத் தூள் தெரிந்தால் அதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். இன்று இல்லை, நல்லது.

இது இறங்கி முடியட்டும். அதற்குள் இந்த டப்பாவைக் காட்டுகிறேன், இதில்தான் விஷயமே இருக்கிறது.

இங்கே 10டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. முன்னால் இருக்கிற எண், குளிரில் ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதற்கு. டபிள்யூ என்றால் வின்டர், குளிர்காலம். பின்னால் இருக்கிற எண், எஞ்சின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. ஈரோட்டு வெயிலுக்கு இன்னும் கெட்டியாக ஊற்றினால் நல்லதுதானே என்று சொல்பவர்கள் உண்டு. வண்டி செய்தவர்கள் எந்த எண்ணைச் சொல்லியிருக்கிறார்களோ அதையே ஊற்றுங்கள். உள்ளே இருக்கிற சின்னச் சின்ன வழிகளை அந்த ஆயிலுக்காகத்தான் அளந்து வைத்திருக்கிறார்கள்.

இதைவிட முக்கியம் பக்கத்தில் இருக்கிற எழுத்து. ஜாசோ எம்ஏ. இது ஜப்பான்காரர்கள் 1998-இல் கொண்டுவந்த தரம். கார் எஞ்சினில் ஆயிலுக்கு எஞ்சின் மட்டும்தான் பொறுப்பு. நம் பைக்கில் அப்படி இல்லை. எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு வழுவழுப்பு வேண்டும், கிளட்ச் பிளேட்டுக்குப் பிடிப்பு வேண்டும். ஒரே ஆயில் இரண்டையும் கொடுக்க வேண்டும். கார் ஆயில்களில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கிற சரக்கைச் சேர்ப்பார்கள். அதை பைக்கில் ஊற்றினால் பிளேட் வழுக்க ஆரம்பிக்கலாம். எம்ஏ, எம்ஏ2 என்று இருந்தால் ஈர கிளட்ச்சுக்குப் பொருந்தும் என்று அர்த்தம். எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டருக்கு, ஏனென்றால் ஸ்கூட்டரில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை. கடையில் போய் "பைக் ஆயில் கொடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். டப்பாவைத் திருப்பி இந்த இரண்டு எழுத்தைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வண்டியில் எதை ஊற்றினார்கள் என்று நான் திரும்பத் திரும்ப யோசிப்பது இதனால்தான்.

சொட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது. சாவி ஆஃப். மெதுவாக நாலு உதை கிக் அடிக்கிறேன். பார்த்தீர்களா, உள்ளே நின்ற கொஞ்சமும் வந்துவிட்டது.

இப்போது போல்ட். புது வாஷர் போடுகிறேன், சில ரூபாய்தான், பழையதையே போட்டுக் கசிய விடாதீர்கள். முதலில் கையாலேயே திருகுங்கள். கை நின்ற பிறகுதான் ஸ்பேனர். இங்கே ஒரு நிமிடம் கவனியுங்கள். போல்ட் இரும்பு, அது ஏறுகிற எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். பலம் காட்டினால் போவது அலுமினியத்தின் மரைதான். நான் முதல் தடவை மாற்றியபோது கசிந்துவிடுமோ என்ற பயத்தில் ஸ்பேனரை இரண்டு கையாலும் அழுத்தினேன். மரை போய்விட்டது. மெக்கானிக் அண்ணன் லேத்துக்கு அனுப்பிப் புது மரை போட்டுக் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "கசிஞ்சா மறுபடி இறுக்கிக்கலாம் தம்பி, மரை போனா இறுக்க இடமே இருக்காது" என்றார். இன்றும் ஸ்பேனரைக் கையில் எடுத்தால் அந்த வார்த்தை நினைவுக்கு வரும்.

ஊற்றுகிறேன். கையேட்டில் ஆயில் அளவு இரண்டு விதமாகப் போட்டிருக்கும். எஞ்சினையே பிரித்து மாட்டினால் ஓர் அளவு, ஆயில் மட்டும் மாற்றினால் அதைவிடக் குறைவான அளவு. ஓரங்களில் பழைய ஆயில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். முழு டப்பாவையும் கண்ணை மூடிக் கவிழ்க்காதீர்கள். அதிகமானால் உள்ளே நுரைக்கும், ஏர் ஃபில்டர் பக்கம் ஏறும். மூன்று நிமிடம் ஓடவிட்டு, அணைத்து, இரண்டு மூன்று நிமிடம் பொறுத்து, ஆயில் மட்டம் காட்டுகிற குச்சியை, அதாவது டிப் ஸ்டிக்கை, துடைத்து உள்ளே வைத்துப் பார்க்க வேண்டும். என் வண்டியில் அதைத் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதோ, மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே. போதும். போல்ட்டைச் சுற்றி விரலால் தடவிப் பார்க்கிறேன். ஈரம் இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டாப்பெட் செட்டிங் (எஞ்சின் வால்வு இடைவெளியைச் சரிசெய்வது), கிளட்ச், முன்சக்கர ஃபோர்க்கின் ஆயில் சீல், பிரேக், இவற்றில் நான் கை வைப்பதில்லை. எல்லாம் அந்த அண்ணனிடம்தான். டாப்பெட் சத்தத்தைக் காதால் கேட்டே அளவைச் சொல்கிறவர் அவர். எனக்கு அந்தக் காது வர இன்னும் பத்து வருடம் ஆகலாம். புது வண்டி வைத்திருப்பவர்களும் வாரண்டி முடிகிற வரை கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே விடுங்கள், பில்லை வாங்கி வையுங்கள். எங்கே விட்டாலும் ஆயில் ஊற்றுகிற பத்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள். சீல் உடைக்காத டப்பாவைக் கண்ணால் பாருங்கள். கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள். தெருமுனை அண்ணன் நாம் கேட்காமலேயே டப்பாவைக் கையில் கொடுத்து "பிரிச்சுக் கொடு" என்பார்.

கடைசியாக இந்தப் பழைய ஆயில். தயவுசெய்து இதைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மரத்தடி மண்ணிலும் ஊற்றாதீர்கள். எங்கள் ஊர்ச் சாக்கடை போய்ச் சேருமிடம் காலிங்கராயன் வாய்க்கால், இல்லாவிட்டால் காவிரி. எழுநூறு வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் கொடுத்துவருகிற வாய்க்கால் அது. ஏற்கெனவே சாயத் தண்ணீரும் தோல் ஷாப் தண்ணீரும் பட்ட பாடு போதும். சட்டப்படியும் இது அபாயகரமான கழிவு. 2024 ஏப்ரல் முதல், பழைய ஆயிலைத் திரும்பச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொறுப்பில் ஆயில் விற்கிற கம்பெனிகளுக்கும் பங்கு வந்துவிட்டது. நாம் அதை டப்பாவில் பத்திரமாகப் பிடித்து, சேகரிக்கிற ஆளிடம் சேர்த்தால்தான் அதெல்லாம் நடக்கும். அண்ணனின் பட்டறையில் ஒரு பேரல் இருக்கிறது, நிறைந்தால் வந்து எடுத்துப்போவார்கள். நான் அதில்தான் ஊற்றுகிறேன்.

புனல் வைத்துக் காலி டப்பாவிலேயே நிரப்பிவிட்டேன். மூடி இறுக்கமாக இருக்கிறது. அப்படியே இப்போது அவரிடம் போகிறேன், இரண்டு நாளாகச் செயின் பக்கம் ஒரு சத்தம் வருகிறது. என்னவென்று அவர் பார்க்கட்டும்.