ஒரு நூலை வெட்டுனாங்க, தறி நின்னுருச்சு! | நகோயா வ்லாக்

வணக்கம் மக்களே! குரல் கம்மியிருக்கு, கண்டுக்காதீங்க, நேத்து தறிச் சத்தத்துக்கு மேல கத்துனதுல வந்த வினை. போன வீடியோல டொயோட்டா கார் பாக்டரி டூர் போனேன்ல, உள்ள கேமரா விடமாட்டாங்க, அதனால முழுக்க என் மூஞ்சியவே பாத்தீங்க, பாவம். அதுக்கு ஒருத்தர் "பாக்டரிதான் பாத்தாச்சே, இனி எதுக்குய்யா மியூசியம், ஊர் வந்து சேரு"ன்னு போட்டிருந்தாரு. அண்ணே, அது இங்க நகோயால இருக்கற டொயோட்டாவோட தொழில்நுட்ப மியூசியம், நேத்து போகலைன்னா பாக்டரில பாத்ததே பாதி புரிஞ்சிருக்காதுங்க.

மொதல்ல சாக்ஸ் கதை. காத்துச் சத்தம் வராம மைக்குல மாட்டுற பூனைவால் இருக்குல்ல, ரயில்ல எங்கயோ விழுந்துருச்சு. வெளிய செம காத்து. ஸ்டேஷன் பக்கத்துக் கடைல ஒரு சோடி சாக்ஸ் 429 யென், நம்மூர்க் காசுக்கு 200 ரூபாய்க்கு மேல, வயிறு எரிஞ்சுது, ஆனா ஒரு சாக்ஸை மைக்குல மாட்டி ரப்பர் பேண்டு போட்டேன் பாருங்க, காத்துச் சத்தமே இல்ல! இன்னொன்னு ஸ்பேர். சின்னச் சின்னதா மேம்படுத்திட்டே போறதுக்கு டொயோட்டால கைசன்னு சொல்வாங்க, இதுவும் கைசன்தான், போங்க. உள்ள போனா தறிச் சத்தம் சாக்ஸையும் தாண்டிருச்சு, அது வேற விஷயம்.

சரி, மியூசியம். செங்கல் கட்டடம், டொயோட்டா குழுமத்துக்கே அடித்தளம் போட்ட சகிச்சி டொயோடா 1911ல ஆரம்பிச்ச நெசவு ஆலை இருந்த எடமே அதுதான். ஜி டைப் தறின்னு ஒன்னு ஓடிட்டிருக்கு. துணில நீளவாக்குல ஓடற ஒவ்வொரு பாவு நூல்லயும் மெல்லிசா ஒரு தகடு தொங்குது, நூல் இறுக்கமா இருக்கறவரைக்கும் மேலயே நிக்கும். அங்க இருந்த அம்மா சிரிச்சுட்டே ஒரே ஒரு நூலை வெட்டுனாங்க. தகடு கீழ விழுந்துச்சு, தறி டக்குனு நின்னுருச்சு. நான் கத்திட்டேன், எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

ஏன்னா எங்கூடு கோயமுத்தூர் பக்கம் சோமனூர்ல விசைத்தறி ஓடற வீடுன்னு உங்களுக்கே தெரியும். எங்க தறில பாவு நூல் அறுந்தா தறிக்குத் தெரியாது, ஆள் கண்ணுல பட்டாத்தான் உண்டு. ஒருக்கா எங்கய்யன் ராத்திரில கண்ணசந்து, துணி பூரா கோடு விழுந்து, கூலில புடிச்சுட்டாங்க. இந்தத் தறி எந்த வருஷம்னு சொல்லலையே, 1924! குறுக்கு நூலைக் கொண்டுபோற நாடாவை மாத்தக்கூட நிறுத்த வேணாம், அதுவே மாத்திக்கும். 1929ல இங்கிலாந்து தறிக் கம்பெனி பிளாட் பிரதர்ஸ் இதோட உரிமைக்கு 1 லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டாங்க.

இப்ப பாக்டரிக்கு வாங்க. கார் லைன்ல தலைக்கு மேல கயிறு ஓடுச்சுன்னு சொன்னேன்ல, கோளாறுன்னா தொழிலாளி இழுப்பாரு, போர்டுல லைட் எரியும், லீடர் ஓடி வருவாரு, அப்பவும் சரியாகலைன்னா லைனே நிக்கும். அட, அந்தத் தகடுதாங்க இந்தக் கயிறு! கோளாறு வந்தா உடனே நிறுத்தற இந்த முறைக்கு அவங்க வெச்ச பேரு ஜிதோகா. தானியங்கின்னு அர்த்தம் வர்ற ஜப்பானிய எழுத்துல 'மனுஷன்'ங்கற குறியைக் கூடுதலா சேத்து எழுதறாங்க.

நான் முன்னாடி வேலை பாத்த எடத்துல 'லீன்', அதாவது வீணைக் குறைக்கற இந்த டொயோட்டா பாணின்னா, சுவத்துல எடத்தை ஒழுங்கா வெச்சுக்கச் சொல்ற 5எஸ் போஸ்டர், ஆடிட்டுக்கு முந்துன நாள் தரைக்கு மஞ்சக் கோடு. ஒரு பையன் லைனை நிறுத்துனான், மெமோ குடுத்தாங்க. எரிச்சலா வருது.

ராத்திரி அய்யனுக்குத் தறி வீடியோ அனுப்புனேன். மூணு தடவ பாத்துட்டுப் போன் பண்ணி ஒன்னே ஒன்னுதான் கேட்டாரு: "நூலை வெட்டிப்போட்டாங்களே, அதைப் புணைச்சது யாருடா?"

அதை நான் பாக்கவே இல்லீங்க.