ஆயில் இன்ஜினுக்குப் பிஸ்டன்: சிலிண்டர் போரை வெட்டும் முன் பார்க்க வேண்டியவை

[காட்சி: இரண்டு பெரிய ஃப்ளைவீல்கள் நிதானமாகச் சுற்றுகின்றன. டுக்... டுக்... டுக்...]

வணக்கம். இந்தச் சத்தத்தைக் கேட்டதுமே சிலருக்கு ஊர் ரைஸ் மில் ஞாபகம் வந்திருக்கும். இது லிஸ்டர் சி.எஸ். (கோல்ட் ஸ்டார்ட்) வகை டீசல் இன்ஜின். 1929-இல் இங்கிலாந்தின் டர்ஸ்லியில் தொடங்கிய வகை. நம் முன்னால் இருப்பது அதில் பிற்பாடு வந்த வடிவம்: ஒற்றைச் சிலிண்டர், 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. பிற்பாடு குஜராத்தின் ராஜ்கோட்டில் இதே வடிவத்தைப் பல பட்டறைகள் வார்த்தெடுத்தன. ஊர்ப்பக்கம் இதற்கு வெறுமனே ‘ஆயில் இன்ஜின்’ என்றுதான் பெயர்.

முழு இன்ஜினையும் இன்று பிரிக்கப் போவதில்லை. பிஸ்டனும், அது ஏறி இறங்கும் சிலிண்டரின் உள்துளையான போரும் மட்டும். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி அழுத்தியே சூடேற்றி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். பிஸ்டன் ஓரமாகக் காற்று கசிந்தால் சூடு வராது. காலையில் ஹேண்டில் போட்டுச் சுற்றுகிறவர் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம்.

[காட்சி: திறந்த சிலிண்டர். விரல் உள்சுவரில் மேலிருந்து கீழே நகர்கிறது]

இந்த இன்ஜினின் போர் நாலரை அங்குலம், அதாவது 114.3 மி.மீ. இது புதிதாக இருந்தபோது. ஓடி ஓடித் தேய்ந்த போர் மேலிருந்து கீழ் வரை ஒரே அளவில் இருக்காது. பிஸ்டனைச் சுற்றி மாட்டிய வளையங்களில் மேலே இருக்கும் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். சூடு அங்கே அதிகம், ஆயில் அங்கே குறைவு, எரியும் வாயு ரிங்கைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான். அடிப்பக்கம் பெரும்பாலும் புதிதுபோலவே இருக்கும். வட்டமும் கெட்டிருக்கும், கனெக்டிங் ராடு சாயும் பக்கம் பிஸ்டன் சுவரை அழுத்துவதால் அந்தத் திசையில் போர் கூடுதலாக அகலும். அதனால் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அளவு எடுக்க வேண்டும்.

போர் கேஜ் இல்லையா? ஒரு ரிங் போதும். ரிங்கை உள்ளே விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்துத் தள்ளி நேராக்குங்கள். மேலே ஒரு முறை, அடியில் ஒரு முறை ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே இருக்கும் வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பாருங்கள். மேலே 1.10, கீழே 0.50 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.60. அதை 3.14-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 0.19 மி.மீ. மேல் போர் அந்த அளவு அகன்றிருக்கிறது. ரிங் பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது வித்தியாசம்தானே! ஆனால் வட்டம் கெட்டதை இது காட்டாது. இந்த அளவு போரில் தேய்மானம் 0.25-ஐத் தாண்டினால் புது ரிங் போட்டு ஒப்பேற்ற நான் சம்மதிப்பதில்லை.

சரி, போரிங் போட, அதாவது போரை வெட்டிப் பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் மாட்ட, முடிவாகிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். சிலிண்டரை லேத் பட்டறையில் கொடுத்துவிட்டு, அப்புறம் கடைக்குப் போய்ப் பிஸ்டன் வாங்குகிறார்கள். பிஸ்டன் முதலில் கைக்கு வர வேண்டும். பிஸ்டன் எவ்வளவு பெரிது என்று டப்பாவில் போட்டிருக்கும் ஓவர்சைஸ் எண்ணை நம்பிப் போரை வெட்டாதீர்கள். பல பேர் வார்க்கும் உதிரி இது. ஒரே எண் போட்ட இரண்டு பிஸ்டன்கள் ஒரே அளவில் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

[காட்சி: மைக்ரோமீட்டரில் பிஸ்டன்]

எங்கே அளப்பது? தலையில் அல்ல. தலைப்பக்கம் அதிகம் சூடேறி விரியும் என்பதால் அதை வேண்டுமென்றே சிறிதாகக் கடைந்திருப்பார்கள். ரிங்குகளுக்குக் கீழே இருக்கும் பக்கச் சுவரான ஸ்கர்ட்டின் அடிப்பக்கம், கனெக்டிங் ராடைச் சேர்க்கும் ‘பின்’ போகும் துளைக்குச் செங்குத்தான திசையில் அளக்க வேண்டும். ‘பின்’ இருக்கும் திசையில் பிஸ்டன் சற்று ஒடுக்கமாக இருந்தால் கடையில் சண்டைக்குப் போகாதீர்கள், பெரும்பாலான அலுமினியப் பிஸ்டன்கள் அப்படித்தான்.

அடுத்தது, பிஸ்டன் எந்த உலோகம்? பழைய இன்ஜின்களில் வார்ப்பிரும்புப் பிஸ்டனும் உண்டு, பிற்பாடு அலுமினியமும் வந்தது. 114.3 மி.மீ. வார்ப்பிரும்பு 100 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் 0.12 மி.மீ. விரியும். அலுமினியம் 0.23-ஐத் தொடும். சிலிண்டரோ வார்ப்பிரும்பு, அதுவும் வெளியே தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறது. ஆக, இரும்புப் பிஸ்டனுக்கு விட்ட கிளியரன்ஸில் (பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளி) அலுமினியத்தைச் சொருகினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், லோடு ஏறியதும் பிடித்துக்கொள்ளும். நானே ஒரு முறை இதைச் செய்து, அரை மணி நேரத்தில் இன்ஜின் நின்று, பிஸ்டனை மரக்கட்டை வைத்து அடித்து இறக்கியிருக்கிறேன். ஸ்கர்ட் முழுக்கக் கோடு கோடாக உரிந்திருந்தது.

எனவே அந்தப் பிஸ்டனுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் கிளியரன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள். பிஸ்டன் அளவோடு அதைக் கூட்டி, வரும் எண்ணைத் தாளில் எழுதிப் பிஸ்டனோடு சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். கிளியரன்ஸ் மிகுந்தாலும் தொல்லைதான்: குளிர்ந்த இன்ஜினில் டொக் டொக்கென்று தட்டும், ரிங் ஆடி ஆடிச் சீக்கிரம் தேயும்.

ஒரு சின்ன விஷயம். வெயிலில் வண்டி சீட்டின் மேல் வைத்துக் கொண்டுபோன பிஸ்டனை உடனே அளக்காதீர்கள். 20 டிகிரி சூடு கூடினாலே 0.05 மி.மீ. வரை பொய் சொல்லும். மெஷினிலிருந்து இறக்கிய சிலிண்டரும் அப்படியே. இரண்டும் ஒரே நிழலில் ஆறட்டும்.

[காட்சி: ஹோனிங் முடிந்த சுவரில் குறுக்குக் கோடுகள்]

போரிங்கிலேயே முழு அளவையும் எடுத்துவிடக் கூடாது, கடைசிக் கொஞ்சம் ஹோனிங்கில், அதாவது கல்லால் தேய்ப்பதில், போக வேண்டும். இந்தக் குறுக்குக் கோடுகள்தான் ஆயிலைப் பிடித்துவைக்கும். ஹோனிங் கல்லின் பொடி டீசல் ஊற்றிக் கழுவினால் போகாது. வெந்நீரும் சோப்பும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் வரும் வரை துடையுங்கள். ஈரம் போனதும் ஆயில் தடவ வேண்டும், பத்து நிமிடம் விட்டால் துரு பூக்கும்.

புது ரிங்கையும் உள்ளே விட்டு வாய் இடைவெளி பாருங்கள். இந்தப் போருக்கு 0.4 மி.மீ. ஒட்டி இருந்தால் நல்லது. வாய் முட்டினால் ரிங் உடையும்.

மாட்டி முடித்ததும் லோடே இல்லாமல் மணிக்கணக்காக ஓடவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அப்படிச் செய்தால் ரிங் பதியாமல் சுவர் கண்ணாடிபோல் பளபளத்துவிடும், அப்புறம் ஆயில் குடிக்கும். சூடேறும் வரை சும்மா ஓடட்டும், பிறகு பம்ப்பின் பெல்ட்டை மாட்டிப் பாதி லோடு கொடுங்கள்.