தெருவின் ஓட்டும் ரகசியமாக இருக்கட்டும்

(பெங்களூரு அல்சூரில், குடியிருப்போர் சங்க ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வருஷா வருஷம் பந்தலும் நாற்காலியும் வாடகை வாங்காமல் கொடுக்கும் பந்தல்கார அண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஜாலஹள்ளி தொழிற்சாலையின் ஓய்வுபெற்ற பெரியவர்களே, நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் கன்னட நண்பர்களே, தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

முதல்வர் அம்மையாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் அது மரியாதை இல்லை. ஆறு மணி விழாவுக்கு ஐந்தே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். நாங்கள் அப்போதுதான் மைக்குக்கு ஒயர் தேடிக்கொண்டிருந்தோம். பெங்களூர் டிராபிக்கில் சொன்ன நேரத்துக்கு முன்னால் வருகிற சிறப்பு விருந்தினரை நான் இப்போதுதான் பார்க்கிறேன். அவருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டிய பொருளாளர் இன்னும் வழியில் இருக்கிறார். அவர் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறேன். போர்த்தி முடித்த பிறகு தொடர்கிறேன்.

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. எந்த மேடை ஏறினாலும் இவர் இந்தப் பழமொழியைச் சொல்வார் என்று சிரிக்கிறீர்கள். சொல்லத்தான் போகிறேன். நிலைமை மாறினால் பழமொழியை மாற்றிக்கொள்கிறேன்.

இன்று மூன்று விஷயம் பேச வேண்டும் என்று எழுதி வந்திருக்கிறேன். ஒன்று, தேர்தலில் பணம். இரண்டு, ஓட்டின் ரகசியம். மூன்று, நம் பிள்ளைகள் நம் ஊரிலேயே நமக்காகப் பொருள் செய்வது.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. யார் கொடுத்தார்கள் என்று ஊருக்குத் தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15 அன்று தீர்ப்பளித்தது. நல்லது. ஆனால் நம் ஊர் போன்ற பெரிய மாநிலத்தில் மக்களவை வேட்பாளர் 95 லட்சத்துக்கு மேல் செலவு செய்யக்கூடாது என்று வரம்பு வைத்த சட்டம், கட்சி எவ்வளவு செலவு செய்யலாம் என்பதற்கு வரம்பே வைக்கவில்லை. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லையைத் திறந்து வைத்தாயிற்று. நேரமிருந்தால் கடைசியில் இதற்குத் திரும்புகிறேன்.

இப்போது இரண்டாவது. இதற்காகத்தான் வந்தேன், ஒளிப்பானேன்.

ஓட்டுப் போடும் மெஷின் நம் ஊர்ப் பிள்ளை. ஹைதராபாத்தில் ஈசிஐஎல் என்கிற எலெக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், இங்கே ஜாலஹள்ளியில் பெல் என்கிற பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இந்த இரண்டு அரசு நிறுவனங்கள்தான் நாடு முழுக்க அதைச் செய்து கொடுக்கின்றன. பெல்லில் அந்த மெஷினை உருவாக்கிய குழுவில் தமிழர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் இருந்தார். வெளியே சுஜாதா, அலுவலகத்தில் ரங்கராஜன். கதை படித்து அவரைத் தெரிந்துகொண்டவர்கள் கோடி. இந்த மெஷினில் பொத்தானை அமுக்கியவர்கள் அதைவிட அதிகம், அவர்களில் பலருக்கு அவர் பெயரே தெரியாது. விரலில் வைக்கிற மை மட்டும் எங்கிருந்து வருகிறது? மைசூர்! நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் 1937-ல் தொடங்கிய பெயிண்ட் தொழிற்சாலை, 1962 தேர்தலிலிருந்து மை கொடுக்கிறது. மெஷினும் மையும் கர்நாடகத்துச் சரக்கு. கன்னட நண்பர்கள் கை தட்டலாம்.

ஆனால் அந்த மெஷின் பட்ட பாட்டைக் கேளுங்கள். 1982-ல் கேரளத்துப் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக வைத்தார்கள். வழக்கு போனது. சட்டத்தில் இடமில்லாமல் மெஷினில் ஓட்டு வாங்கியது தவறு என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1988-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989-90-ல் மெஷின்களைச் செய்தும் முடித்தார்கள். அப்புறம்? 1998-ல்தான் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லியில் 16 சட்டமன்றத் தொகுதிகளில் வெளியே எடுத்தார்கள். அத்தனை வருஷம் கிடங்கில் தூங்கியது. நாடு முழுக்க மெஷினில் ஓட்டு என்பது 2004-ல்தான். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டுகிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா? கையில் வெண்ணெய்.

சரி, இதே மெஷினுக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவனும் இதே இரண்டு நிறுவனங்களில் பிறந்தவன். அவன் இன்னும் கிடங்கைவிட்டு வெளியே வரவில்லை. அவன் பெயரைச் சொல்வதற்கு முன்னால், நான் முன்பு குடியிருந்த சந்தின் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்தச் சந்தில் தண்ணீர் ஒரே ஒரு போர்வெல்லை நம்பித்தான். சட்டமன்றத் தேர்தல் முடிந்து கொஞ்ச நாளில் மோட்டார் எரிந்துபோனது. முதல் இரண்டு நாள் பக்கத்துச் சந்தில் கெஞ்சிப் பிடித்தோம். அப்புறம் அங்கேயும் முகம் சுளிக்க ஆரம்பித்தார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. டேங்கர்காரன் சந்துக்குள் வண்டி நுழையாது என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தே கிளம்பி, தொகுதியில் ஜெயித்தவரின் அலுவலகத்துக்குப் போனோம். பெண்கள் காலிக் குடத்தோடு வந்தார்கள். குடம் எதற்கு என்று கேட்டேன். "சும்மா வந்தா உக்கார வெச்சிடுவாங்க, குடத்தோட வந்தா போட்டோ புடிப்பாங்க" என்றார் பூ விற்கும் அம்மா. அரசியல் விஞ்ஞானத்தில் பட்டம் வாங்கினாலும் இந்தத் தெளிவு வராது.

உள்ளே மேசைக்குப் பின்னால் ஒருவர். தலைவர் இல்லை, தலைவருக்கு வேண்டியவர். எந்தத் தெரு என்று கேட்கவில்லை. என்ன பிரச்சினை என்றும் கேட்கவில்லை, குடம்தான் கண்ணுக்குத் தெரிகிறதே. அவர் கேட்ட முதல் கேள்வி, "நிம் பூத் நம்பர் எஷ்டு?" உங்கள் பூத் நம்பர் என்ன என்று கன்னடத்தில். சொன்னோம். இழுப்பறையைத் திறந்து ஜெராக்ஸ் தாள் கற்றை ஒன்றை எடுத்தார். ஆள்காட்டி விரலை எச்சில் தொட்டுப் புரட்டினார். வரிசை வரிசையாக எண்கள். ஒரு வரியில் விரல் நின்றது. பிறகு தமிழுக்கு மாறினார், நம்மை வெட்கப்படுத்த நம் பாஷைதானே வேண்டும். "உங்க பூத்துல அண்ணனுக்கு விழுந்தது 112 ஓட்டு. 112! இதுக்கு மோட்டார் வேற கேக்குதா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பூக்கார அம்மா குடத்தை அவர் மேசைமேல், அந்தத் தாளின் மேலேயே வைத்தார். "அந்த 112-ல நானும் ஒருத்தி தம்பி. எனக்கு மட்டுமாவது தண்ணி வுடு." அடுத்து நின்ற தையல்காரர், "நானும் அந்த 112-ல இருக்கேன்" என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். நானும் 112, என் மாமியாரும் 112, எதிர்வீட்டுக் கிழவரும் 112. வாசலில் நின்றவர்களையும் அவர்கள் வீட்டில் விட்டுவந்த ஓட்டுகளையும் கூட்டினால் நானூறைத் தாண்டியிருக்கும். அந்த மனுஷருக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று அவரால் கண்டுபிடிக்கவும் முடியாது. ஏன் முடியாது? தனி ஆளின் ஓட்டு ரகசியம்.

நன்றி, நன்றி. கைதட்டல் பூக்கார அம்மாவுக்குப் போய்ச் சேரட்டும்.

ஆனால் மோட்டார் வரவில்லை. வர வெகு நாளானது. அதைவிட மோசம், சந்துக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை. நீ போட்டிருந்தால் தண்ணீர் வந்திருக்கும் என்று வாய்விட்டே பேசினார்கள். அந்த 112 பேரும் அவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் தாகத்தோடு இருந்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தத் தாள் திருட்டுத் தாள் ஒன்றும் கிடையாது. படிவம் 20 என்று பெயர், சாவடிவாரியாக யாருக்கு எத்தனை என்று அரசாங்கமே வெளியிடுகிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு மருந்து இருந்தது. மிரட்டல் இருக்கும் என்று தேர்தல் ஆணையம் நினைத்தால் பல சாவடிப் பெட்டிகளின் சீட்டுகளைக் கொட்டிக் கலந்துவிட்டு எண்ணலாம் என்று விதி. மெஷினைக் கலக்க முடியாதே! வங்கியில் இருந்தபோது தேர்தல் பணிக்குப் போயிருக்கிறேன். சாயந்திரம் 'குளோஸ்' பொத்தானை அமுக்கி, பெட்டியில் வைத்து அரக்கு முத்திரை இடுகிற வரை அந்த மெஷின் அந்த ஆயிரம் பேருக்கு மட்டும் சொந்தம். எண்ணும் இடத்திலும் தனியாகவே திறக்கிறார்கள், தனியாகவே எழுதுகிறார்கள்.

தம்பியின் பெயர் டோட்டலைசர். 14 சாவடிகளின் கட்டுப்பாட்டுக் கருவிகளை, அதாவது ஓட்டுக் கணக்கு பதிந்திருக்கும் மெஷின் பாகங்களை, ஒன்றாக அதில் மாட்டினால், மொத்தத்தை மட்டும் காட்டும். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்று காட்டாது. அவ்வளவுதான் அதன் வேலை. தேர்தல் ஆணையம் 2008-லேயே கேட்டது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் 2015 மார்ச்சில் தன் 255-வது அறிக்கையில் சரி என்றது. மத்திய அரசு ஏற்கவில்லை. எந்தப் பகுதியில் இன்னும் உழைக்க வேண்டும் என்று கட்சிகள் தெரிந்துகொள்ள சாவடிக் கணக்கு உதவும் என்று காரணம் சொன்னார்கள். உழைப்பதற்கா? 2019 தேர்தலில் ஒரு மத்திய அமைச்சர் மேடையிலேயே சொன்னார்: 80 விழுக்காடு ஓட்டுத் தரும் ஊர் ஏ, 60 என்றால் பி, 50 என்றால் சி, அதற்கும் கீழே டி, இந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என்று. ஆணையம் கண்டித்தது. நம் ஊர் மேசைக்காரர் இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டதை அவர் மைக்கில் சொன்னார்.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். மொத்தமாக எண்ணினால் மெஷினில் தில்லுமுல்லு நடந்ததா என்று சாவடிவாரியாகச் சரிபார்ப்பது எப்படி? நியாயமான கேள்வி. ஒரு சாவடியில் மொத்தம் எத்தனை பேர் ஓட்டுப் போட்டார்கள் என்ற 17சி படிவத்தை ஏஜெண்டுகளுக்கு இப்போது போலவே கொடுக்கட்டும். ஒவ்வொரு சட்டமன்றப் பகுதியிலும் ஐந்து சாவடிகளில் விவிபாட் சீட்டுகளை, அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று மெஷினோடு சேர்ந்த கருவி அச்சடிக்கும் சீட்டுகளை, எண்ணிப் பார்க்க 2019-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நடக்கட்டும். அந்த ஐந்து சாவடியின் கணக்கு தெரிந்துவிடுமே என்றால், தெரியட்டும், குலுக்கலில் வருவதுதானே. மற்ற சாவடிகளின் கணக்கை முத்திரை வைத்துப் பூட்டுங்கள், நீதிமன்றம் கேட்டால் திறங்கள். விவிபாட்டை முதலில் பெரிய அளவில் பார்த்த தொகுதிகளில் நம் பெங்களூர் தெற்கும் ஒன்று, 2014-ல். புதுக் கருவியைச் சோதிக்க இந்த ஊரை நம்பியவர்கள், டோட்டலைசரையும் இங்கேயே சோதிக்கலாமே. நம் மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, ஐந்து வருஷம் உறுப்பினர்களே இல்லாமல் ஓடி, 2025-ல் ஊரை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்தார்கள். வார்டு சின்னது, சாவடி கொஞ்சம், பழிவாங்க வசதி அதிகம். வார்டுத் தேர்தலுக்குத்தான் இது முதலில் வேண்டும்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பொருளாளரும் வந்துவிட்டார். மூன்றாவது விஷயத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். நம் ஊர் பீன்யாவில் தொழிற்பேட்டைக் கொட்டகைக்குள் ஆரியபட்டா செயற்கைக்கோளைச் செய்தார்கள், 1975-ல் அது மேலே போனது. சிம்ப்யூட்டர் என்று ஒரு கைக்கணினி, இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் யோசித்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் நம் மொழிகளில் பேசிக் காட்ட வேண்டும் என்று செய்தார்கள். 2004-ல் பெல் தயாரிப்பாக விற்பனைக்கு வந்தது. இன்றைக்கு உள்ளங்கையில் போனைத் தேய்க்கும் தம்பிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்? வாங்க ஆளில்லாமல் நின்றது. செய்யத் தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. செய்ததை வாங்கிப் பயன்படுத்தும் அரசாங்கத்துக்குத்தான் பஞ்சம். கையில் வெண்ணெய், ஐயா, கையில் வெண்ணெய்! முதல்வர் அம்மையார் தம் கல்லூரி மாணவர்களுக்கு இறுதியாண்டு புராஜெக்ட்டாக ஒரு டோட்டலைசர் மாதிரியைச் செய்யக் கொடுத்தால், அடுத்த ஆண்டு விழாவில் அதை இந்த மேடையில் வைத்து நம் சங்கத் தேர்தலையே நடத்தலாம். சங்கத் தேர்தலிலும் எந்த பிளாக் யாருக்குப் போட்டது என்று தெரிந்துகொண்டு லிப்ட்டை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், யாரென்று சொல்லமாட்டேன்.

தேர்தல் பணத்துக்குத் திரும்ப நேரமில்லை. மன்னிக்க வேண்டும்.

வெளியே, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். டோட்டலைசர் கேட்டுச் சட்ட அமைச்சகத்துக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் ஒரு மனு இருக்கிறது. கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. எந்தக் கட்சிக்காரர் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், கட்சிப் பெயர் எழுத இடமே வைக்கவில்லை. ஜாலஹள்ளிப் பெரியவர்கள் முதல் வரிசையில் போட வேண்டும், அதற்காக மேலே பத்து வரி காலியாக விட்டிருக்கிறேன். பேனா இரண்டுதான் இருக்கிறது, போட்டுவிட்டுப் பையில் செருகிக்கொண்டு போய்விடாதீர்கள். சாப்பாடு எட்டரைக்கு. கையெழுத்து போட்டாலும் போடாவிட்டாலும் பந்தி உண்டு, இங்கே யாரும் தாள் புரட்டிப் பார்க்க மாட்டார்கள். பொருளாளர் அவர்களே, பொன்னாடையோடு மேடைக்கு வாருங்கள். வணக்கம்.