கை கொடுங்கள், கருத்து போதும்

நடுவர் அவர்களே, அவையோரே, மடியிலும் தோளிலும் பிள்ளைகளைச் சுமந்தபடி பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே, பிள்ளையை அவர்களிடமே விட்டுவிட்டு முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கும் தந்தைமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

"கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பெரிதும் தேவை அறிவுரையா, ஆள் துணையா?" என்பது இன்றைய தலைப்பு. ஆள் துணையே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு பேராசிரியர். அறியாமையால்தான் குழந்தைகள் அவதிப்பட்டார்கள், தடுப்பூசியையும் தாய்ப்பாலையும் பற்றி எடுத்துச் சொன்ன பிறகுதான் பிழைத்தார்கள், ஆகவே அறிவுரையே பெரிது என்றார். நன்றாகத்தான் பேசினார். ஆனால் பேச்சின் சூட்டில் ஓர் உண்மையையும் சொல்லிவிட்டார். "என் இரண்டு பிள்ளைகளும் எப்படி வளர்ந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. என் அம்மாவும் மாமியாரும் மாறி மாறி வந்து பார்த்துக்கொண்டார்கள்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நடுவர் அவர்களே, அதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் அணிக்கு இன்று முதல் சாட்சி எதிரணித் தலைவர்தான்.

மருத்துவர் சொல்வது வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்றார் பேராசிரியர். சரி. வசம்பை உரைத்து ஊற்றக் கூடாது என்றார். அதுவும் சரி. இவையெல்லாம் ஒருமுறை கேட்டால் ஆயுளுக்கும் போதும், ஐயா. கேட்ட பிறகு செய்ய வேண்டியதைச் செய்வது யார் என்பதுதான் எங்கள் கேள்வி.

அவரே எடுத்துக்காட்டிய வயிற்றுப்போக்கை எடுத்துக்கொள்வோம். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்துக் கொடுங்கள் என்பது அறிவுரை. சொல்லி முடிக்கப் பத்து நொடி ஆகாது. கொடுப்பது எப்படித் தெரியுமா? கரண்டி கரண்டியாக. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடியும் மெதுவாக, கரண்டி கரண்டியாக. ஒவ்வொரு முறை வயிறு போகும்போதும் இதையே செய்ய வேண்டும். கலக்கிய நீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. துத்தநாக மருந்தை 14 நாள் விடாமல் கொடுக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கரண்டி என்றால் நனைந்த துணியை யார் மாற்றுவது? படுக்கையை யார் துடைப்பது? அழுகைச் சத்தத்தில் விழித்துவிட்ட மூத்த பிள்ளையை யார் தட்டித் தூங்க வைப்பது? ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்புறம் செய்முறை முழுவதும் அச்சிட்டிருக்கிறது. உள்ளே ஆள் இல்லை.

குளிப்பாட்டும் வேலையையும் கொஞ்சம் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பாட்டி ஒருவர் தாழ்வான பலகையில் உட்கார்ந்து காலை நீட்டுவார். முழங்காலுக்குக் கீழே, இரு காலும் சேரும் பள்ளத்தில் குழந்தையைக் குப்புறக் கிடத்துவார். எண்ணெய் தேய்த்த பிள்ளை வழுக்கும் பாருங்கள், அந்த வழுக்கலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். இடது உள்ளங்கை குழந்தையின் தாடையைத் தாங்கும். வலது கை முதுகில் பயற்றமாவைத் தேய்க்கும். இரண்டு கையும் தீர்ந்துவிட்டன. இனி வெந்நீரை விளாவிக் கொடுக்க ஓர் ஆள், மேலே ஊற்ற ஓர் ஆள், துண்டை விரித்துக்கொண்டு நிற்க ஓர் ஆள் வேண்டும். முன்பு இந்த மூன்று பேரும் வீட்டிலேயே கிடைத்தார்கள். இன்று அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆறடிக் குளியலறையில் ஒரு பெண் தனியாக நின்று இதைச் செய்கிறாள். அவளுக்கு வரும் அறிவுரை என்ன? "தண்ணீரின் சூட்டை முழங்கையால் தொட்டுப் பாருங்கள்." அம்மா, அந்த முழங்கையில்தான் குழந்தையின் தலை இருக்கிறது!

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும், ஆகவே குழந்தை தூங்கும்போது தாயும் தூங்கிவிட வேண்டும் என்று ஒரு பொன்மொழி சொன்னார். உலகத்திலேயே அதிகமான தாய்மார்களை எரிச்சலூட்டிய வாசகம் இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பதினேழு மணி நேரத்தைக் குழந்தை தவணை முறையில் அல்லவா தூங்குகிறது? நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கேட்கும். ஒரு முறைக்கு அரை மணி என்று வைத்தாலும் பால் கொடுப்பது மட்டுமே நான்கிலிருந்து ஆறு மணி நேர வேலை. அதன் பிறகு தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க வேண்டும். ஒருவழியாகக் கண் செருகும். தூளியில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டிவிட்டு, அந்தத் தாய் தரையில் தலையைச் சாய்ப்பாள். சரியாக அந்த நேரத்தில் கழிவறையிலிருந்து மூத்தது குரல் கொடுக்கும்: "அம்மா, முடித்துவிட்டேன், கழுவி விடு!"

அந்தக் குரலுக்குத் தூளியில் இருப்பது விழித்துக்கொள்ளும். இரண்டில் எதற்கு முதலில் போவது? இந்த நிலைக்கு எந்த நிபுணரிடம் என்ன அறிவுரை இருக்கிறது? இன்னொரு ஆள் வீட்டில் இருந்தால் இது ஒரு பிரச்சினையே இல்லை. ஒருவர் கழுவிவிடுவார், ஒருவர் தூளியை ஆட்டுவார். அவ்வளவுதான் விஷயம்.

அதே பேச்சாளர் இன்னொன்றும் சொன்னார். துணைக்கு ஆள் வந்தால் கூடவே சண்டையும் வருமாம். மாமியார் வந்தால் உதவி ஒரு பங்கு, குறை சொல்வது மூன்று பங்கு என்றார். அவையில் இருக்கும் மருமகள்கள் கைதட்டினார்கள், நானும் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாமியார் குழந்தையை வாங்கிக்கொண்டு "நீ போய்ச் சாப்பிடு" என்று சொன்னால் எந்த மருமகளாவது சண்டை போடுவாளா? "உனக்குப் பால் போதவில்லை", "இப்படியா தூக்குவது", "நாங்களெல்லாம் நாலு பெற்று வளர்க்கவில்லையா" என்று ஆரம்பிக்கும்போதுதானே சண்டை வருகிறது? இவை யாருடைய சரக்கு? அறிவுரை, ஐயா, அறிவுரை! மாமியாரிடம் பயன்படுவதெல்லாம் எங்கள் கட்சி, பாடாய்ப் படுத்துவதெல்லாம் உங்கள் கட்சி.

மூன்றாவதாகப் பேசிய தம்பிக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை என்று கேள்விப்பட்டேன். இந்தக் காலத்தில் ஆள் எதற்கு, கைப்பேசியில் பாட்டைப் போட்டால் குழந்தை தானாகச் சாப்பிடுகிறதே என்றார். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே காட்டக் கூடாது, இரண்டிலிருந்து நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தலைவர் போற்றும் அறிவுரை உங்கள் கைப்பேசியைப் பிடுங்குகிறது. முதலில் உங்கள் அணிக்குள் ஒரு முடிவுக்கு வாருங்கள். அது இருக்கட்டும், எந்தத் தாயாவது ஆசைப்பட்டா கைப்பேசியைக் கொடுக்கிறாள்? இடுப்பில் தூக்கி வைத்து, தெருவில் போகும் ஆட்டையும் காக்கையையும் காட்டி, ஒரு கிண்ணம் பருப்புச் சோற்றை முக்கால் மணி நேரம் ஊட்டுவதற்கு ஆள் இல்லாத வீட்டில்தான் கைப்பேசி ஊட்டுகிறது.

நம் புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வைத்திருக்கிறோம். அதில் பத்துப் பருவங்கள். முதல் பருவம் காப்பு. அதில் என்ன செய்கிறார்கள்? திருமால் தொடங்கி ஒவ்வொரு கடவுளாகப் பெயர் சொல்லி, பிள்ளையைக் காக்க வாருங்கள் என்று அழைக்கிறார்கள். காவலுக்கு ஆள் சேர்க்கிறார்கள், நடுவர் அவர்களே! ஏழாவது அம்புலிப் பருவத்துக்கு வரும்போது பிள்ளை நடந்து, ஓடி, வீட்டையே புரட்டிப் போடும் வயதுக்கு வந்துவிடுகிறது. கடவுளர் அத்தனை பேரும் போதவில்லை போலும். வானத்து நிலாவைக் கூப்பிட்டு, "இந்தப் பிள்ளையோடு விளையாட வா" என்கிறார்கள். சும்மாவும் கூப்பிடவில்லை. சாமம், பேதம், தானம், தண்டம் என்று அரசர்கள் போருக்கு வைத்திருந்த நான்கு வழியையும் நிலாவிடம் பயன்படுத்துகிறார்கள். கொஞ்சுகிறார்கள், ஆசை காட்டுகிறார்கள், வராவிட்டால் நடப்பதே வேறு என்று மிரட்டுகிறார்கள். பிள்ளையோடு விளையாட ஆள் கிடைப்பது அன்றைக்கே அவ்வளவு கடினம்! நிலாவிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பேராசிரியர் அறிவியலை மட்டும் பேசிவிட்டு இதைத் தொடாமல் போய்விட்டார். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2001-இலேயே பரிந்துரைத்துவிட்டது. நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் அப்போது கொடுத்த விடுப்பு எவ்வளவு? 12 வாரம். ஆறு மாதம் பால் கொடு என்று ஒரு பக்கம் அறிவுரை, மூன்று மாதம்கூட நிறையாமல் வேலைக்கு வா என்று மறுபக்கம் உத்தரவு. அந்தத் தாய் என்ன செய்வாள்? 2017-இல் சட்டத்தைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் ஆக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய் வரலாம் என்றும் எழுதினார்கள். தமிழக அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021-இல் ஓராண்டு விடுப்பு கொடுத்தது. அறிவுரை 2001-இலிருந்து சுவரொட்டியாக ஒட்டிக் கிடந்தது. குழந்தையின் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வழி செய்த பிறகுதான் அந்தச் சுவரொட்டிக்கு உயிர் வந்தது. அதுவும் மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், களை எடுக்கப் போகிறவர்களுக்கும் இன்றைக்கும் சுவரொட்டிதான். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்கு வந்திருக்கும் இளம் தம்பதியரிடம் குழந்தை எங்கே என்று கேட்டுப் பாருங்கள். "ஊரில், பாட்டியிடம்" என்று பதில் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தையும் பாருங்கள்.

ஆள் துணை என்றதும் பாட்டியையும் அத்தையையும் மட்டும் எண்ணிக்கொள்கிறோம். பெற்றவன் ஓர் ஆள் இல்லையா? மத்திய அரசின் ஆண் ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் 15 நாள் விடுப்பு. தொப்புள்கொடி காய்ந்து விழக் கிட்டத்தட்ட அவ்வளவு நாள் ஆகும். கொடி விழுந்த கையோடு அப்பாவும் அலுவலகம் போய்விடுகிறார். தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறவருக்கு அந்த 15 நாளைக் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டமும் இல்லை. நிர்வாகம் மனம் வைத்தால் உண்டு. மாலையில் களைத்து வந்து, "இணையத்தில் படித்தேன், குழந்தையைத் தினமும் சிறிது நேரம் குப்புறப் போட வேண்டுமாம்" என்கிறார். போடுங்களேன், ஐயா! யார் தடுத்தது?

பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றி இப்போதுதான் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியிருக்கிறோம். காரணமில்லாமல் அழுகை, தூக்கமின்மை, குழந்தையைத் தொடவே பயம். இது நோய், சிகிச்சை உண்டு, மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் அவளுக்கு அப்படி இருக்கிறது என்பதை யார் முதலில் கண்டுபிடிப்பார்கள்? "எல்லாம் சரியாகிவிடும், நேர்மறையாக யோசி" என்று குறுஞ்செய்தி அனுப்பும் தோழியா? பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு நாளாக இவள் தலை வாரவில்லை, தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது என்று பார்க்கிறவரா? முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போனார்களே, அங்கே கண் இருந்தது, கை இருந்தது. அறிவுரையும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது மிளகுக் குழம்போடு வந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக்கொள்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பை எங்கள் பக்கம் எழுதினால் பரிசுக் கோப்பை வேண்டாம். எங்கள் அணியில் அடுத்துப் பேச இருக்கும் சகோதரி வீட்டில் ஏழு மாதக் கைக்குழந்தையும் நான்கு வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டிலிருந்து பத்து வரை எதிரணித் தலைவரை அங்கே அனுப்பி வையுங்கள். பழம், பிஸ்கட், புத்தகம் எதுவும் கொண்டுவர வேண்டாம். வெறுங்கையோடு வந்தால் போதும். நன்றி, வணக்கம்.