21 கட்டமும் வந்துருச்சு! சயனோடைப்புக்கு டிஜிட்டல் நெகடிவ்

வணக்கம் மக்களே! சயனோடைப்னா, இரும்பு உப்புக் கரைசல் தடவின தாள்ல ஒளி பட்டு நீலப் படம் வர்ற பழைய முறை. அதுக்காகப் பிரிண்டர்ல ஃபிலிம் ஷீட் மேல அடிக்கிற நெகடிவ்தான் டிஜிட்டல் நெகடிவ். முதல்ல இதைப் பாருங்க, கிட்ட காட்டுறேன். வெறும் தாள் வெள்ளையில ஆரம்பிச்சு முழு நீலம் வரைக்கும், 5 சதவீதம் 5 சதவீதமா 21 கட்டம். எல்லாமே தனித்தனியா நிக்குது. 95-க்கும் 100-க்கும் நடுவுல கோடு தெரியுதா? இருங்க, லைட்டைத் திருப்புறேன்... ஆங், தெரியுது! இந்தப் பக்கம் அந்த 5 சதவீதக் கட்டத்துலயும் மெல்லிசா நீலம் ஏறியிருக்கு. ரெண்டு முனையும் ஒரே தாள்ல பிடிபடுறது சயனோடைப்ல லேசுப்பட்ட காரியம் இல்ல.

போன வீடியோவுக்கு அப்புறம் நிறைய பேர் "கர்வ் ஃபைலை அனுப்புங்க"ன்னு கேட்டீங்க. கர்வ்னா, ஒவ்வொரு டோனும் பிரிண்ட்ல சரியா விழ, படத்தோட டோனை முன்கூட்டியே திருத்துற வளைகோடு. அனுப்ப மாட்டேன். அடுத்தவங்க கர்வை வாங்கிப் போடுறது எனக்குச் சுத்தமா பிடிக்காது. பிரிண்டர், இன்க், ஃபிலிம், தாள், லைட், இதுல ஒண்ணு மாறினாலும் கர்வ் மாறிடும். நீங்களே போடுங்க, ஒரு சாயங்கால வேலைதான்.

நெகடிவ் ஏன் பிரிண்ட் அளவுக்கே வேணும்னு புதுசா வந்தவங்களுக்கு ஒரு வரி. 1842-ல ஜான் ஹெர்ஷல் கண்டுபிடிச்ச இந்த முறைக்குப் புற ஊதா ஒளிதான் வேலை செய்யும். சின்ன நெகடிவைப் பெருசாக்கிக் காட்டுற என்லார்ஜர்ல அது போதுமான அளவு வராது. அதனால நெகடிவைத் தாள் மேலயே ஒட்ட வச்சு எக்ஸ்போஸ் பண்ணணும்.

கேமரா பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. 8-க்கு 10 இன்ச், இன்ச்சுக்கு 360 பிக்சல்னா (பிபிஐ) 2880-க்கு 3600 பிக்சல். பத்து மெகாபிக்சல் சொச்சம்தான். பழைய 12 மெகாபிக்சல் கேமராவே கிட்டத்தட்ட போதும். ஆனா ரா ஃபைல்ல, அதாவது சென்சார் பதிவை அப்படியே வைக்கிற ஃபைல்ல எடுங்க, 16 பிட்லயே எடிட் பண்ணுங்க. 8 பிட் ஜேபெக்ல செங்குத்தான கர்வ் போட்டா வானம் பட்டை பட்டையா உடைஞ்சுடும். ஹைலைட்டும், அதாவது படத்தோட வெளிச்சமான இடமும், வெந்து வெறும் வெள்ளையாப் போகக் கூடாது, ரா-ன்னாலும் போனது போனதுதான்.

இப்ப ஃபிலிம். ஸ்டேஷனரி கடையில ஜெராக்ஸுக்கு விக்கிற ஓஎச்பி ஷீட் வேண்டாம். அதுல இன்க் உறிஞ்சுற கோட்டிங் கிடையாது, மை முத்து முத்தா நின்னு வழியும். இன்க்ஜெட்டுக்குன்னே வர்ற ஷீட்டா வாங்குங்க, பிக்டோரிக்கோ பிராண்ட் மாதிரி. விலை எரிச்சலா இருக்கும், தெரியும். பாதி ஷீட்ல டெஸ்ட் கட்டம், மீதிப் பாதியில சின்னப் படம்னு பிரிச்சுப் போடுங்க. லேசர் பிரிண்டர் நெகடிவ் எனக்குப் பிடிக்கல, கறுப்புல ஊசி ஓட்டை விழுது, அடர்த்தியும் பத்தல. இன்க்னா பிக்மென்ட் இன்க், அதாவது நிறம் கரையாம துகளா இருக்கிற மை. இதுல கண்ணை நம்பாதீங்க. மஞ்சள் பிக்மென்ட் பார்வைக்கு வெளுப்பா இருந்தாலும் புற ஊதாவை நல்லாத் தடுக்கும். நிறம் கரைஞ்சிருக்கிற சில டை இன்க் கன்னங்கரேல்னு தெரியும், ஒளி உள்ள போயிட்டே இருக்கும்.

கர்வுக்கு முன்னாடி நேரம். இதைத்தான் எல்லாரும் விட்டுடுறீங்க. கோட்டிங் போட்ட தாள்ல பாதியை வெறும் ஃபிலிமால மூடி, 2 நிமிஷம், 4 நிமிஷம்னு படிப்படியா எக்ஸ்போஸ் பண்ணுங்க. கழுவி முழுசா காஞ்சப்புறம், ஃபிலிம் மூடின பக்கத்துல எந்தப் படிக்கு மேல நீலம் கூடவே இல்லையோ, அந்தப் படிதான் உங்க நேரம். அப்புறம் அதை மாத்தாதீங்க. வெயில் மணிக்கு மணி மாறும், அதனால யூவி டியூப் வச்ச பெட்டிதான் என் கட்சி.

அதே நேரத்துல 21 கட்டத்தையும் கர்வ் இல்லாம ஒரு பிரிண்ட் போடுங்க. பெரும்பாலும் வெளிர் பக்கம் நாலஞ்சு கட்டம் வெறும் தாளா நிக்கும். நெகடிவ்ல அந்த இடம் அளவுக்கு மீறி அடர்த்தியா இருக்குன்னு அர்த்தம். அடுத்த நாள் ஸ்கேன் பண்ணி அளங்க. உதாரணமா, 70 சதவீதக் கட்டம் பிரிண்ட்ல 50 மாதிரி இருந்தா, கர்வ்ல 50-ஐ 70-க்குத் தூக்கணும். இப்படி ஒவ்வொரு புள்ளியா. பாசிட்டிவ்ல கர்வ் போட்டுட்டு, அப்புறம் இன்வர்ட், அதாவது கறுப்பு வெள்ளையை மாத்தி நெகடிவ் ஆக்கணும்.

ஐயோ, ஃபிளிப் சொல்லல! இன்வர்ட் பண்ணினதும் இடவலமாத் திருப்பணும். இன்க் பக்கம் தாளைத் தொடணும். இல்லேன்னா ஃபிலிம் தடிமன்ல ஒளி சிதறி ஷார்ப்னெஸ் போயிடும்.

அடுத்து, என் பிரிண்ட்ல வானத்துல வந்த கோடுகள். இதைச் சொல்லாம விட மாட்டேன்! மை வர்ற துளைகளைப் பார்க்கிற நாசில் செக் சுத்தம், ஹெட் அலைன்மென்ட் சரி, அப்பவும் முடி மாதிரி கோடு. பிரிண்டர் செட்டிங்ல ஹை ஸ்பீட்னு ஒரு டிக் இருக்கும், பை-டைரக்‌ஷனல்னும் போட்டிருப்பாங்க. ஹெட் போறப்பவும் வர்றப்பவும் மை தெளிக்கும், ரெண்டும் ஒரு மயிரிழை விலகினாலும் நெகடிவ்ல பதிஞ்சுடும். போட்டோ பேப்பர்ல தெரியாது, புற ஊதாவுக்குத் தெரியும். அந்த டிக்கை எடுத்தேன், வானம் பால் மாதிரி ஆயிடுச்சு! பிரிண்ட் வர ரெட்டிப்பு நேரம் ஆகுது, ஆகட்டும். பேப்பர் டைப் கிளாஸி, குவாலிட்டி உச்சம், கலர் கரெக்‌ஷன் ஆஃப். இந்த நாலையும் எழுதி ஒட்டி வைங்க, ஏன்னா இதுல எதை மாத்தினாலும் கர்வ் திரும்பப் போடணும்.

கோட்டிங் வழக்கம்போல: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் 100 மில்லிக்கு 25 கிராம், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 100 மில்லிக்கு 10 கிராம், சம அளவு கலந்து தடவணும். ஃபெரிசயனைடு பக்கத்துல வீரியமான அமிலம் எதையும் கொண்டு வராதீங்க, விஷ வாயு வரும். நெகடிவ் ராத்திரி முழுக்கக் காயட்டும், தாளும் மொறமொறன்னு காயணும். ஈரம் இருந்தா ஃபிலிம் ஒட்டிக்கிட்டு இன்க் உரிஞ்சு வரும், மழைக்காலத்துல இன்னும் மோசம்.

கடைசியா, கழுவுற தண்ணி. போர் தண்ணி காரத்தன்மையா (ஆல்கலைன்) இருந்தா நீலம் வெளுக்கும், முதல்ல போறது நாம பாடுபட்டுக் கொண்டு வந்த அந்த 5 சதவீதக் கட்டம்தான். முதல் தண்ணியில மட்டும் துளி சிட்ரிக் ஆசிட் போடுங்க. கால்சியம் கார்பனேட் கலந்த ஆர்கைவல் தாள்லயும் இதே வெளுப்பு வரும், அதனால அந்தக் கார்பனேட், அதாவது பஃபர், இல்லாத தாளான்னு கேட்டு வாங்குங்க. அடுத்த வீடியோ சால்ட் பிரிண்ட், உப்பும் வெள்ளி நைட்ரேட்டும் தடவின தாள்ல எடுக்கிற பழைய முறை. அதுக்கு இதைவிட ரொம்ப அடர்த்தியான நெகடிவ் வேணும், இந்தக் கர்வ் அங்க ஆகாது. திரும்ப வெறும் 21 கட்டத்துல இருந்துதான் ஆரம்பிக்கப் போறோம். ஷீட் வாங்கி வைங்க!