கவணை நினைவூட்டிய பெண்

கர்த்தருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு நேரமாகிவிட்டது, என் மகளுக்கு ஒற்றைச் செருப்பைக் காணோம். அதற்கு நான் கத்திய கத்து தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். எப்போதும் என் தோளில் கை வைத்துக்கொண்டு பைக்கில் வருகிறவள், அன்றைக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் போய் எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொன்னேன்.

பெரிய சோதனைகளில் எப்படியோ ஜெபித்துத் தப்பிவிடுகிறோம். ஒற்றைச் செருப்பில் விழுந்துவிடுகிறோம். தாவீதும் அப்படித்தான் விழப் பார்த்தார். 1 சாமுவேல் 24-ஆம் அதிகாரத்தில், தன்னைக் கொல்லத் தேடும் சவுல் ராஜா எங்கேதி குகையில் தனியாகச் சிக்கியும், சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு விட்டுவிடுகிறார். அடுத்த அதிகாரத்தைத் திருப்புங்கள். ஆட்டுமயிர் கத்தரிக்கிற காலம். நாபால் என்ற பணக்காரனுக்கு 3,000 ஆடும் 1,000 வெள்ளாடும் இருந்தன. அவன் மேய்ப்பர்களுக்கு அரணாக இருந்த உரிமையில், ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு 10 வாலிபரை அனுப்புகிறார் தாவீது. “தாவீது என்பவன் யார்?” என்கிறான் நாபால். அவ்வளவுதான், தாவீதோடு 400 பேர் பட்டயத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ராஜாவின் உயிரைத் தப்பவிட்டவருக்கு ஒரு முரடனின் பேச்சு பொறுக்கவில்லை.

எதிரே வருகிறாள் அபிகாயில், நாபாலின் மனைவி. 200 அப்பம், சமைத்த 5 ஆடு, 200 அத்திப்பழ அடைகள், எல்லாம் கழுதைகளில் வருகின்றன. இறங்கி அவர் காலில் விழுகிறாள். அவள் பேசியதை வீட்டுக்குப் போய் நிதானமாக வாசித்துப் பாருங்கள். “கோபப்படாதீர்” என்று ஓரிடத்திலும் இல்லை. உம்முடைய சத்துருக்களைக் கர்த்தர் கவணில் வைத்து எறிவார் என்கிறாள். கவண்! கவண்கல்லால் கோலியாத்தை வீழ்த்தியவர் காதில் அந்த ஒரு வார்த்தை எப்படி விழுந்திருக்கும்! அன்றைக்கு யாரை நம்பி நின்றீர் என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை. கனிவாகப் பேசுவதென்றால் குழைந்து பேசுவது என்று நினைக்கிறோம். அபிகாயில் குழையவில்லை. பழிவாங்கினால் பின்னால் மனசு உறுத்தும் என்பதையும் நேராகவே சொல்கிறாள். கோபத்தில் தன்னை மறந்த மனுஷனுக்கு அவன் யாரென்று ஞாபகப்படுத்துகிறாள்.

இன்னொன்றும் உண்டு. வீடு திரும்பினால் நாபால் குடித்து வெறித்திருக்கிறான். பொழுது விடியும்வரை அவனிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. குடிக்கிற கணவனோடு கஷ்டப்படும் சகோதரிகளே, அடி உதையைச் சகித்துக்கொண்டு இருங்கள் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடாதீர்கள். தாவீதைப் பார்க்கக் கிளம்பியதையே அவள் புருஷனிடம் சொல்லவில்லை. எப்போது செய்வது, எப்போது பேசுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

“சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது” என்று எபேசியர் 4:26 சொல்கிறதே, அதை நினைத்து அன்று சாயங்காலமே மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “அப்பா அப்படிக் கத்தினது தப்பும்மா, மன்னிச்சிரு” என்றேன். “சரிப்பா” என்றாள். அடுத்த ஞாயிறும் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். கை தோளுக்குத் திரும்பி வர இன்னும் இரண்டு வாரம் ஆனது.