ராஜபார்ட்டின் கடைசித் தேதிகள்

அவைத்தலைவர் அவர்களே, காரைக்குடிப் பெருமக்களே,

நம் வட்டாரத்தில் யாரும் கதை தெரிந்துகொள்வதற்காக நாடகத்துக்குப் போவதில்லை. வள்ளி எப்படியும் முருகனைத்தான் மணக்கப் போகிறாள். கதாநாயகனான ராஜபார்ட் யார், கதாநாயகியான ஸ்திரீபார்ட் யார் என்று நோட்டீஸைப் பார்த்த பிறகே பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறோம். சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துத் தந்த இசை நாடகத்தை, நடிகர்கள் ஊர் ஊராகத் தனித்தனியே தேதி வாங்கி வந்து, ஒத்திகையின்றி மேடையிலேயே சந்தித்து, விடிய விடிய நடத்துகிற ஸ்பெஷல் நாடக மரபில், பிரிவுபசார விழா என்று ஒன்று கிடையாது. தேதிகள் குறைந்துகொண்டே வரும். ஒரு பங்குனியில் நோட்டீஸில் அந்தப் பெயர் இராது.

குன்றக்குடிப் பக்கத்துக் கிராமங்களில் அப்படி ஒரு ராஜபார்ட்டின் கடைசி நாடகங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்து கட்டைச் சுருதியில் நின்று பாடியவர், குரல் தளர்ந்து நாலு கட்டைக்கு இறங்கியிருந்தார். குரல் நன்றாக இருந்தபோதே நிறுத்தியிருக்கலாம் என்ற நண்பர்களோடு நான் உடன்படவில்லை. நாடக மேடையில் பாடிப் புகழ்பெற்ற எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், 27 வயதில் மறைந்தார். அவருடைய முதுமைக் குரல் நமக்குக் கிடைக்கவே இல்லை. அதை ஒரு பேறு என்று எண்ண என்னால் முடியவில்லை.

வள்ளியும் வேடனாக வரும் முருகனும் பாட்டால் வாதாடும் தர்க்கத்தில், மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய ஓர் அடியை நம் ராஜபார்ட் பாதியில் விட்டுவிட்டு ஆர்மோனியத்தின் பக்கம் திரும்பினார். ஆர்மோனியக்காரர் அந்தச் சுரத்தை இழுத்துப் பிடிக்க, வள்ளியாக நின்ற அம்மையார், வேடன் பாட்டை மறந்துவிட்டான் என்று கேலி செய்வதுபோல மிச்ச அடியைத் தாமே எடுத்துப் பாடி முடித்தார். கூட்டம் விசிலடித்தது. குரல் கணீரென்று இருந்த காலத்தில் இந்தக் கைமாற்றுக்கு இடமே இருந்ததில்லை.

அதைவிட வியப்பு, முருகன் கிழவனாக வரும் கட்டம். அவருடைய சொந்த நடுக்கம் இடது கையில் இருந்தது. அந்தக் கையைத் தடியோடு சேர்த்து இறுகப் பிடித்துக்கொண்டு, வேடத்துக்குரிய நடுக்கத்தைத் தலையிலும் தாடையிலும் மட்டும் தாளம் பிசகாமல் காட்டினார். தம் முதுமையை மறைத்து வேறொரு முதுமையை நடித்தார்.

விடிந்ததும் ஊர்க்காரர்கள் அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கு முன்பணம் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. அன்று நாரதராக வந்த இளைஞரைக் காட்டி, “இவருக்குத் தேதி கொடுங்கள், ஐந்து கட்டையில் பாடுவார்” என்றார்.